ஆடியில் வாங்கி மார்கழியில் விற்றவர்கள்

கை கழுவப் பின்வாசலுக்குப் போனவன், செம்பைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிட்டேன். தங்கச் சுரங்கத்துப் புகைபோக்கிகளிலிருந்து கிளம்பிய புகை எங்கள் ராபர்ட்சன்பேட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தென்மேற்கே போய்க்கொண்டிருந்தது. ஒன்றல்ல, கண்ணுக்குத் தெரிந்த அத்தனை புகையும்.

உள்ளே சாப்பாட்டுக் கூடத்தில் தையற்காரர் என் அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"சத்தமே இல்லியேக்கா. ஆடியிலே எப்படி இருந்திச்சு, ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்கலே. இப்போ பாரு. மில்லு ஆறிப் போச்சு. கல்லு இல்லாமத்தான் ஆறுது. கீற ஷேரை வந்த வெலைக்குத் தள்ளிட்டு ஊரைப் பார்க்கப் போறதுதான் நல்லது."

செம்பிலிருந்த தண்ணீர் என் காலில் கொட்டியது. புகை போகிற பக்கம்தானே சத்தமும் போகும்? ஆடியில் இதே புகை எங்கள் கொல்லையில் கரியாக இறங்கும். அத்தை வடகம் காயவைக்க முடியாமல் கம்பெனிக்காரர்களைத் திட்டுவாள். அப்போது சத்தமும் இங்கே வந்தது. இப்போது வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கிறது. புகை அந்தப் பக்கம், சத்தமும் அந்தப் பக்கம். கல் இடிக்கும் மில் ஆறவில்லை, காற்றுதான் திரும்பியிருக்கிறது.

ஈரக் கையோடு உள்ளே ஓடினேன்.

"காத்து," என்றேன்.

"இன்னாடா காத்து? கதவைச் சாத்து, குளுருது," என்றாள் அத்தை.

அத்தை என் அப்பாவின் தங்கை. நாற்பது வயது. அவள் கணவர் சுரங்கத்துக்குள்ளே மரம் முட்டுக்கொடுக்கும் வேலை பார்த்தவர். ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டார். குடியாத்தத்தில் பெரியப்பா வீட்டுக்கு வந்துவிடு என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். பெரியம்மாவின் அடுப்படியில் இரண்டாவது ஆளாக நிற்க அத்தைக்கு மனமில்லை. ஷிப்டு ஆட்களுக்குச் சோறு போட ஆரம்பித்தாள். முதலில் கோரமண்டல் லைனில், சுரங்கத்து ஆட்களின் வரிசை வீடுகளில், தன் சின்ன வீட்டிலேயே போட்டாள். ராபர்ட்சன்பேட்டையில் புதிதாகத் தெருக்கள் போட்டு மனை கொடுத்தபோது இங்கே வந்து கூடம் வைத்து, பலகை போட்டு, ஊரே அறிந்த சாப்பாட்டுக் கடையாக்கினாள். லைனில் இருந்த காலத்திலேயே என்னைச் சிறு பையனாக வரவழைத்து மிஷன் பள்ளியில் சேர்த்ததும் அவள்தான். இப்போது அதே பள்ளியில் கீழ்வகுப்புகளுக்குப் பூகோளமும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

சாயங்காலம் ரயிலில் மதராஸ் பத்திரிகை வரும். லண்டனில் சுரங்க ஷேர் என்ன விலைக்குக் கை மாறியது என்று தந்தியில் வந்த செய்தி அதில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும். அதைப் படித்து, கூடத்தில் சாப்பிடுகிறவர்களுக்குத் தமிழில் சொல்லுவது என் பொறுப்பு. ஷேர் வைத்திருப்பவர்கள் அந்தக் கூடத்தில் இரண்டே பேர்: அத்தையும், பக்கத்துக் கடைத் தையற்காரரும். ஷேர் இல்லாதவர்கள்தான் அதிக ஆவலாகக் கேட்பார்கள்.

அவர்கள் அந்த ஷேரை வாங்கியது ஆடி மாதத்தில். இதை நான் வேண்டுமென்றே சொல்லுகிறேன். ஆடியில் எங்கள் ஜனம் கல்யாணம் வைக்காது, வீடு குடி போகாது, புதுத் தொழில் எதையும் தொடாது. அத்தை ஆடியில் புது விளக்குமாறுகூட வாங்கமாட்டாள். ஆனால் இங்கே குடிவந்த முதல் ஆடியில், மேல்காற்று அடித்து, ஸ்டாம்பு மில்லின் சத்தம் கூரையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. பாறையை இடித்துத் தூளாக்கும் இரும்பு உலக்கைகள் வரிசை வரிசையாக நிற்கும் இடம் அது. இரவு பகல் ஓயாது. அந்தச் சத்தம் வலுக்க வலுக்க கூடத்தில் எல்லார் முகமும் தெளிந்தது. பெங்களூர்க் கண்டோன்மெண்டிலிருந்து வந்த தரகரிடம் அத்தையும் தையற்காரரும் ஷேர் வாங்கினார்கள்.

"ஆடியிலே வாங்கலாமா அத்தே?" என்று கேட்டதற்கு, "அது கடுதாசிடா. கடுதாசிக்கு இன்னா ஆடி, ஆவணி," என்றாள்.

அந்த வருஷ மார்கழியில் அதே தரகர் மறுபடி வந்தார். தையற்காரர் பாதியை விற்றார். அடுத்த ஆடியில், அதைவிடக் கூடுதலான விலைக்கு, அதே தரகரிடமே திரும்ப வாங்கினார். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. "அப்போ மனசு சரியில்லே, வித்தேன். இப்போ சரியாயிடுச்சு, வாங்கறேன்," என்பார்.

இது இரண்டாவது மார்கழி. இந்த முறை அத்தையின் மனசும் சரியில்லாமல் போய்விட்டது.

கோரமண்டல் லைனில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மில்லுக்கு அடியிலேயே குடியிருந்தவர்கள் நாங்கள். அந்த இடிச் சத்தத்தில்தான் தூங்குவோம். நின்றால்தான் விழிப்பு வரும். ஒரு மத்தியானம் திடீரென்று அது நின்றபோது, லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் கரண்டியும் முறமும் கையோடு வாசலுக்கு வந்து சுரங்க வாயைப் பார்த்தபடி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. எந்திரத்தில் ஏதோ பழுது, ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் உள்ளே போனார்கள். சத்தம் இருந்தால் எல்லாம் நலம், சத்தம் நின்றால் ஏதோ கெட்டது: இது எங்கள் எலும்பில் ஏறிவிட்ட பாடம். ராபர்ட்சன்பேட்டைக்கு வந்தபோது அந்தப் பாடத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இங்கே மில் தூரத்தில், தென்மேற்கில் இருக்கிறது என்பதை மட்டும் காது ஒப்புக்கொள்ளவில்லை.

தீபாவளி கழிந்து சத்தம் தேயத் தொடங்கியதும் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. குழம்பில் உப்பு முன்னே பின்னே போயிற்று. மார்கழி பிறந்ததும் முடிவே கட்டிவிட்டாள். மில் ஆறினால் சுரங்கம் ஆறும், சுரங்கம் ஆறினால் சோறு தின்ன ஆள் ஏது? தரகர் திங்கட்கிழமை வருகிறார். ஷேரை அவரிடம் தள்ளிவிட்டு, கடையை மூடி, தை பிறக்குமுன் குடியாத்தம் போய்விடுவது. பெரியப்பாவுக்குக் கடிதமும் என்னையே எழுதச் சொன்னாள். பெரியம்மா என்ற பேச்சு வரும் இடத்தில், "அவங்க சொல்றபடி இருந்துக்கறேன்னு எழுது," என்றாள். என் பேனா அங்கே ஓடவில்லை. யார் சொல்லும் கேட்காமல் தன் அடுப்பைத் தானே மூட்டி வாழ்ந்தவள் அவள்.

ஆகவே அன்று நான் காற்று என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடியது வெறும் படிப்புச் செருக்கால் அல்ல.

வாசல் கோலத்துக்குப் பிறகு மிஞ்சிய மாவு ஒரு கொட்டாங்கச்சியில் இருந்தது. அதை எடுத்துக் கூடத்துத் தரையிலேயே படம் போட்டேன். இங்கே மில். இங்கே நாம், வடகிழக்கில். ஆனி, ஆடி, ஆவணியில் காற்று இப்படி வருகிறது. மில் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு நம் வாசலில் போடுகிறது. ஐப்பசிக்கு மேல் இப்படித் திரும்புகிறது. நம் சத்தத்தைத்தான் கொண்டுபோய் அங்கே கொட்டுகிறது.

தையற்காரர் பலகையைவிட்டு எழாமல் படத்தைப் பார்த்தார். "வாத்தியாரே, இத்தினி நாளா வெலை படிச்சீங்க. இப்போ காத்தும் படிக்க ஆரம்பிச்சிட்டீங்களா? போன மாசம் அதே காத்திலே உங்க கொடை திரும்பிக்கிச்சு. அப்போ படிச்சிருக்கலாம்."

"அண்ணே, புகையைப் பாருங்க. வெளியே வந்து ஒரு தடவை பாருங்க."

"புகை கண்ணுக்குத் தெரியுது. சத்தம் தெரியுமா? சரி, ஒண்ணு கேக்கறேன். நேத்து விடியக்காலைலே, பனி மூடிக்கினு இருந்தப்போ, கொஞ்சம் கேட்டுச்சு. நானே கேட்டேன். அப்போ உங்க வாடை எங்கே போயிருந்திச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானும் அதைக் கேட்டிருந்தேன். போர்வைக்குள் படுத்தபடி, தெளிவாக, பக்கத்துத் தெருவில் உரல் இடிப்பதுபோல. யோசித்துவிட்டு, "அப்போ காத்தே இல்லே," என்றேன்.

"பார்த்தியாக்கா. கேட்டா மேல்காத்து. கேக்கலேன்னா வாடை. நடுவிலே கேட்டா காத்தே இல்லே. எந்தப் பக்கம் புடிச்சாலும் வழுக்குது உன் அண்ணன் புள்ளே."

கூடம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கோலமாவை வீணாக்கியதற்காக என்னைத் திட்டிவிட்டு, படத்தைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினாள்.

காகிதத்தில் காட்டினாலும் தரையில் காட்டினாலும் இவர்களிடம் எடுபடாது என்று தெரிந்துவிட்டது. காதில் நுழைந்த சந்தேகத்தைக் காது வழியாகத்தான் எடுக்க வேண்டும். அதற்கு அத்தையை மில்லுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கூப்பிட்டால் வரமாட்டாள். ஆனால் வழி தானாகவே கிடைத்தது. கடையை மூடுகிற யோசனையில் பாத்திரங்களை ஒவ்வொன்றாக யார் யாருக்கு என்று அத்தை சொல்லிவைத்திருந்தாள். பெரிய பித்தளை அண்டா கோரமண்டல் லைனில் எங்கள் பழைய பக்கத்துவீட்டுக்காரிக்கு. அவள் மகளுக்குத் தையில் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அத்தை சொன்னதும், "நான் ஜட்கா வண்டி பேசிட்டு வர்றேன்," என்று அப்போதே கிளம்பிவிட்டேன்.

ஜட்காவில் அண்டா நடுவில், அத்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வாடை முதுகில் அடித்தது. அத்தை முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். நெடுநேரம் சக்கரச் சத்தமும் குதிரைக் குளம்பும் தவிர ஒன்றுமில்லை. மில்லுக்கு நேரே வந்தபோது தாழ்ந்த குரலில் ஒரு முணுமுணுப்பு. அவ்வளவுதானா? ஒருவேளை தையற்காரர் சொன்னதுதான் சரியோ என்றுகூட நினைத்தேன்.

மில்லைத் தாண்டி, கல் தூள் குவிந்து கிடக்கும் மேட்டை வளைத்துக்கொண்டு போனோம். அப்போது வந்தது. ஒவ்வொரு இடியாக வரவில்லை. எல்லாம் சேர்ந்து மேலே வந்து விழுந்தது. நெஞ்சுக்குள் தட்டியது. குதிரை பழகின குதிரை, காதைக்கூட ஆட்டவில்லை. அத்தை முக்காட்டை எடுத்துவிட்டாள்.

பழைய பக்கத்துவீட்டுக்காரி வாசலிலேயே நின்றாள். நானும் அத்தையும் சேர்ந்து அண்டாவை இறக்கி உள்ளே தரையில் வைத்தோம். வைத்த மாத்திரத்தில் அண்டா பேச ஆரம்பித்தது. மில் இடிக்க இடிக்கத் தரை அதிர்ந்து, வெறும் பித்தளை வாய் ஒரே சுரத்தில் ரீங்கரித்தது. மேலே பலகையில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுத்தன.

அத்தை குனிந்து அண்டாவின் விளிம்பில் உள்ளங்கையை வைத்தாள். ரீங்காரம் நின்றது. எடுத்தாள். மறுபடி வந்தது. இன்னொரு முறை வைத்தாள்.

"இது எப்பலேர்ந்து இப்படி இடிக்குது?" என்று கேட்டாள்.

"எப்பலேர்ந்துன்னா இன்னாக்கா? நீ இங்கே கீறப்போ இடிச்சதுதான். எப்ப நின்னுச்சு?"

"நடுவிலே கொறையலே?"

"எங்க கொறைஞ்சுது. இந்த மார்கழியிலே ரொம்பத்தான் அதிகமாக் கீது. பொண்ணு பார்க்க வந்தவங்க பேசினது எனக்கு ஒண்ணுமே கேக்கலே. எல்லாத்துக்கும் தலையை ஆட்டி வச்சிருக்கேன். இன்னா ஒத்துக்கினேனோ."

அத்தை சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "அந்தக் காதைப் புடி," என்றாள். அண்டாவின் ஒரு பக்கத்து வளையத்தைத்தான் சொன்னாள். நான் பிடித்தேன்.

"இன்னாக்கா பண்றே? கொடுத்துட்டுத் திரும்ப எடுத்துக்கினு போறே?"

"கல்யாணத்துக்கு அனுப்பறேன். வச்சிக்கறதுக்கு இல்லே. கடைக்கு வேணும் எனக்கு."

"கடையை மூடறேன்னு சொன்னியே."

"மூடறேன்னு எவ சொன்னா?"

ஜட்கா திரும்பி வந்தபோது, மில்லைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே சத்தம் கரைந்தது. வாடை எதிர்முகமாக வந்து அதைப் பின்னால் தள்ளுவதை முகத்திலேயே உணர முடிந்தது. நான் வெற்றி பெற்றவனைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அது ஊர் எல்லை வரைக்கும்தான் நீடித்தது.

"டேய், ஒண்ணு சொல்லு," என்றாள் அத்தை. "மில்லு ஓடுது, சரி. அது இடிக்கிற கல்லிலே தங்கம் கீதா இல்லியான்னு எந்தக் காத்து சொல்லும்?"

வெறும் பாறையை இடித்தாலும் அதே சத்தம்தான் வரும். இத்தனை நாளும் நான் சத்தம் நின்றதா நிற்கவில்லையா என்று மல்லுக்கட்டினேனே தவிர, சத்தத்துக்கும் விலைக்கும் என்ன உறவு என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. சத்தம் இல்லாததற்குப் பொருள் இல்லை என்றால், சத்தம் இருந்ததற்கும் பொருள் இல்லை.

கடைக்கு வந்து தையற்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் அதை இன்னும் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். கையிலிருந்த ஊசியை நூல்கண்டில் குத்திவைத்துவிட்டு, "அப்படீன்னா ஆடியிலே நாம்ப வாங்கினது?" என்றார்.

"அதுவும் காத்துதான் அண்ணே."

"ரெண்டு ஆடியும்?"

"ரெண்டும்."

"மார்கழியிலே வித்தது ஒரு காத்து, ஆடியிலே வாங்கினது ஒரு காத்து. நடுவிலே அந்தத் தரகர் கோட்டு மேலே கோட்டாப் போட்டுக்கினு வர்றாரு. தச்சுக் கொடுக்கறதும் நானு."

தரகர் சொன்னபடி திங்கட்கிழமை வந்தார். நல்ல மனிதர், நன்றாகச் சாப்பிடுவார். அத்தை இலை போட்டு, ரசம் வரைக்கும் பரிமாறினாள். மோர் ஊற்றும்போது, "இந்த வருசம் கொடுக்கறதா இல்லீங்க," என்றாள்.

"ஏம்மா? விக்கறேன்னு சொல்லி அனுப்பினீங்களே."

"அனுப்பினேன். இப்போ காத்து சரியில்லே. பங்குனியிலே வாங்க. வாடையும் இல்லாம மேல்காத்தும் இல்லாம இருக்கும். அப்போ உக்காந்து பேசி, விக்கணும்னா விக்கறேன்."

அவர் கை கழுவிக்கொண்டு வந்து பலகையில் உட்கார்ந்து சிரித்தார். கோபம் கொஞ்சமும் இல்லை. "பங்குனியிலே வந்து நான் இன்னாம்மா பண்றது? பங்குனியிலே இந்த ஊர்லே யாரும் விக்கவும் மாட்டாங்க, வாங்கவும் மாட்டாங்க."

நான் சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்: "அப்போ உங்களுக்குத் தெரியும், இல்லீங்களா? காத்து விஷயம்."

"காத்தெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. இந்த ஊர் மார்கழியிலே விக்கும், ஆடியிலே வாங்கும். அதுமட்டும் தெரியும். ஏன்னு நான் கேட்டதில்லே. எங்க துரை சொல்வாரு, லண்டன்லேயும் அப்படித்தான்னு. அங்கே குளிர்காலத்துலே பொழுதே விடியாதாமே. அந்த இருட்டிலே ஜனங்களுக்கு ஒரு பயம் வரும், வெலை தொங்கும், வெயில் வந்தா நிமிரும்னு. அவர் சொன்னது. நான் போய்ப் பார்த்தேனா?"

தையற்காரர் அன்று தம் பங்கில் பாதியை விற்றார். ஏன் என்று கேட்டேன். "வாத்தியார் பேச்சுக்குப் பாதி, பழக்கத்துக்குப் பாதி," என்றார்.

அத்தை குடியாத்தத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதச் சொன்னாள். முதல் கடிதத்துக்குப் பெரியம்மா பதிலே போட்டிருந்தாள்: அறை ஒழித்துவைத்திருப்பதாகவும், இங்கே வந்தால் விடியுமுன் எழுந்துவிட வேண்டுமென்றும். அத்தை நான் படிக்கக் கேட்டு, "நான் என்னிக்குடி விடிஞ்சப்புறம் எழுந்தேன்," என்று காகிதத்தைப் பார்த்தே சொன்னாள். பதிலில், வேலை அதிகம், வர இயலாது, பொங்கலுக்கு நீங்கள் எல்லாரும் இங்கே வாருங்கள் என்று எழுதினேன். இந்த முறை பேனா நிற்கவே இல்லை.

அப்புறம் விலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது. நான் சொன்னது சரி என்று அது ஒரு நாளும் எனக்குச் சாட்சி சொல்லவில்லை. தையற்காரர் இதை அடிக்கடி ஞாபகப்படுத்துவார். ஆனால் குழம்பில் உப்பு சரியாகிவிட்டது. சத்தம் கேட்காத காலைகளில் யாராவது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால், அத்தை அடுப்படியிலிருந்தே, "வாடைடா. சாப்பிட்டுட்டுப் போ," என்பாள்.

பங்குனியில் சொன்னபடி உட்கார்ந்தோம். வெயில் ஏறியிருந்தது, காற்று அசையவில்லை. ஒருவர் முகத்திலும் பயமும் இல்லை, பரபரப்பும் இல்லை. சுரங்கத்தில் புதிதாக ஆழம் போகிறார்களா, லைனில் வீடு கட்டுகிறார்களா, ஆள் எடுக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். அத்தை ஷேரை வைத்துக்கொள்வதென்று சொன்னாள். அரைத் தூக்கத்தில் இருந்த தையற்காரர், "காத்து இல்லாம ஷேர் பேசினா ருசியே இல்லேக்கா," என்றார்.

எனக்கோ அந்தத் தரகர் சொன்ன லண்டன் இருட்டு தலைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. லண்டன்காரன் காதில் எங்கள் மில் சத்தம் எந்தக் காற்றிலும் விழாது. ஆனால் அவனுக்கும் ஒரு வாடை உண்டென்றால்? எங்கள் பள்ளித் தலைமையாசிரியரின் மனைவி லண்டனில் பிறந்தவர். போன வாரம் துணிந்து கேட்டேவிட்டேன்: அம்மா, கார்த்திகை மார்கழியில் உங்கள் ஊர் மனிதர்கள் எப்படி இருப்பார்கள்? அவர் கொஞ்சம் யோசித்தார். மத்தியானமே விளக்கு ஏற்றுவோம், என் தகப்பனார் அந்த மாதங்களில் எங்களோடு பேசவே மாட்டார், சித்திரை வந்தால் அவரே பாட்டுப் பாடிக்கொண்டு தோட்டத்தில் நிற்பார் என்றார். வீட்டுக்கு ஓடி வந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆகவே இப்படிச் செய்யப்போகிறேன். மனசை நிறுக்க முடியாது, ஆனால் கேட்கலாம். கடையில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. இரண்டு சட்டிகள் வைப்பேன். சாப்பிட்டு எழுந்து போகும் ஒவ்வொருவரும், இன்று சுரங்கம் செழிக்கும் என்று தோன்றினால் இதில் ஒரு கொட்டை, ஆறும் என்று தோன்றினால் அதில் ஒரு கொட்டை. காரணம் சொல்ல வேண்டாம். யாரும் பார்க்காமல் போடலாம். நான் பத்திரிகையைப் பிரிக்குமுன் போட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம், வெயிலா மூட்டமா என்பதையும் கூடவே குறித்துவருவேன். லண்டனில் பனியா வெளிச்சமா என்று தலைமையாசிரியர் மனைவிக்கு வரும் கடிதங்களிலிருந்து கேட்டுக்கொள்வேன். சொல்லுகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அத்தை சட்டி தர மாட்டேன் என்றாள். பிறகு விளிம்பு உடைந்த இரண்டைக் கொடுத்தாள். தையற்காரர், ஒரே நாளில் இரண்டிலும் போடலாமா என்று கேட்கிறார். சித்திரை பிறந்ததும் தொடங்குகிறேன். ஆனி வரைக்கும் பொறுத்தால் மேல்காற்று எழும்பும், சத்தம் கூரையில் வந்து விழும், எனக்கே மனசு உள்ளே துள்ளும். அன்றைக்கு என் கை எந்தச் சட்டிக்குப் போகிறது என்பதை நான் முதலில் பார்க்க வேண்டும்.